சக்கரத்தின் மேல் வீடு, யாருடைய மண்ணில்?

வீட்டை விற்றுவிட்டு ஒரு கேம்பர் வேனை வாங்கி அதிலேயே மிச்சக் காலத்தை வாழ்ந்துவிடலாமா? பெருந்தொற்று ஊரடங்கு முடிந்த பிறகு மலேசியச் சாலைகளில் படுக்கையும் அடுப்பும் வைத்துக் கட்டிய வேன்கள் அதிகமாகக் கண்ணில் படுகின்றன. கூடவே இந்தக் கேள்வியும் வந்திருக்கிறது. ஓய்வுபெறப் போகிறவர்கள் கேட்கிறார்கள். பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட, தாமான் வீட்டில் இருவர் மட்டும் மிஞ்சிய தம்பதிகள் கேட்கிறார்கள். வீட்டு விலையைப் பார்த்து மலைத்த இளையவர்களும் கேட்கிறார்கள். கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் வண்டியைப் பற்றியே இருக்கின்றன: எந்த வேன், எத்தனை வாட் சூரியத் தகடு, டீசலுக்கு மாதம் எவ்வளவு. இவையெல்லாம் தேவையான கணக்குகள்தான். ஆனால் பேராக்கின் தெற்கே, சுங்காய் போன்ற ஓர் ஊரில் இருந்துகொண்டு இதை யோசிக்கும் தமிழர் வேறொரு கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இரவில் வண்டி யாருடைய மண்ணில் நிற்கும்? அங்கிருந்து எழுந்து போ என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கும்?

சுங்காய் பயணிகளுக்கு வசதியான ஊர். பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் நடுவே பழைய கூட்டரசு நெடுஞ்சாலை ஊரைக் கடந்து போகிறது. வடக்கு தெற்கு விரைவுச்சாலையிலிருந்து இறங்க வழி இருக்கிறது. ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஓடும் மின்ரயில் நிற்கும் நிலையமும் உண்டு. கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில் சுங்கை கிளா வெந்நீர் ஊற்று இருக்கிறது. சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது பெரும்பகுதி செம்பனை. வேனில் ஊர் சுற்றுகிறவர் ஓரிரவு தங்க ஆசைப்படும் இடம்தான். ஆனால் ஓரிரவு தங்குவதும் அங்கேயே வாழ்வதும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தை இந்த வட்டாரத்துத் தோட்டத் தமிழர்களைப் போல அனுபவித்து அறிந்தவர்கள் குறைவு.

தோட்ட லயத்தை நினைத்துப் பார்ப்போம். நீளமான கூரையின் கீழ் வரிசையாகத் தடுத்த அறைகள். ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னால் ஒரு சிறு தாழ்வாரம், சமைக்கப் பின்னால் ஒரு மூலை. கூரை உண்டு, சுவர் உண்டு, வாடகை இல்லை. ஆனால் அந்த அறை வேலையோடு கட்டப்பட்டது. பால்மரம் வெட்டும்வரை அறை. வயதாகி வேலையிலிருந்து நின்றால், மகனோ மகளோ அதே தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தால்தான் அந்தக் கூரையின் கீழ் தொடர்ந்து படுக்க முடியும். முப்பது நாற்பது ஆண்டுகள், காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் விடியுமுன் நின்றவர்களுக்கும் அந்த மண்ணில் ஒரு சாண்கூடச் சொந்தமாகவில்லை. பிள்ளைகளைத் தோட்டப் பள்ளிக்கு அனுப்பினார்கள், கோயில் கட்டித் திருவிழா எடுத்தார்கள், செத்தவர்களை அங்கேயே புதைத்தார்கள். நிலப் பத்திரத்தில் இவர்கள் பெயர் இல்லை.

இதன் விலை 1950களில் தெரிந்தது. விடுதலை நெருங்கியபோது பல ஆங்கிலேயக் கம்பெனிகள் தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாகப் பிரித்து மறுபடி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் இன்றும் கசப்போடு சொல்வது இதைத்தான். பேராசிரியர் உங்கு அஜீஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகம் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை தந்தது. தோட்டம் கைமாறியபோது கூடவே போனவை வேலை, லயம், பள்ளி, மருந்தகம், தண்ணீர்க் குழாய். இந்த நிலையில்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டி, வெட்டுகிற மரத்துக்கே பங்காளியாகுங்கள் என்று தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று. அவர் கேட்டது கூலி உயர்வை அல்ல, மண்ணை. அந்தத் தெளிவுதான் அவருடைய பெரும் பணி என்பது என் எண்ணம்.

அதே காலத்தில், சுங்காயைச் சுற்றியே இன்னொரு வாழ்க்கை உருவாகிக்கொண்டிருந்தது. 1956இல் தொடங்கிய அரசு நில மேம்பாட்டு அமைப்பான ஃபெல்டா நிலமில்லாத கிராமத்தாருக்குக் குடியேற்றங்களை அமைத்தது. துரோலாக், பெசோட் குடியேற்றங்கள் இந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய பத்து ஏக்கர் பயிர்நிலமும் தனியாக ஒரு வீட்டு மனையும். கடன் இருந்தது, கட்டுப்பாடு இருந்தது, உழைப்புக்கும் குறைவில்லை. ஆனாலும் பத்திரத்தை நோக்கிய ஒரு பாதை அங்கே இருந்தது. குடியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள், தமிழர் மிகச் சிலரே. இதைப் பொறாமையோடு சொல்லவில்லை. ஒரே மண்வாகு, ஒரே மழை, ஒரே பயிர். ஒரு பக்கம் வீட்டின் அடியிலிருந்த மண் குடும்பத்தின் பெயருக்கு வந்தது, மறுபக்கம் வரவில்லை. அரை நூற்றாண்டு கழித்து இரண்டு பக்கத்துப் பேரப்பிள்ளைகளின் நிலையில் தெரியும் வேறுபாட்டுக்கு இது பெரிய காரணம்.

1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, ஆயிரக்கணக்கான தமிழர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். வேலை போனால் கூரையும் போகும் என்ற ஏற்பாடு அப்போது முழு வேகத்தோடு வேலை செய்தது. பிறகு ரப்பர் செம்பனையாயிற்று, நகரத்துக்கு அருகிலிருந்த செம்பனை வீடமைப்பு நிலமாயிற்று. பினாங்கில் மாடு வளர்த்து வாழ்ந்த கம்போங் புவா பாலா மக்கள் கூட்டரசு நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். 2009இல் ஊர் இடிக்கப்பட்டது. கோலாலம்பூரில் தேசிய விளையாட்டரங்கம் எழுந்த புக்கிட் ஜாலிலில், பழைய தோட்டத்துக் குடும்பங்கள் 2011இல் வெளியேற்ற அறிவிப்பை எதிர்த்து நின்று நான்கு ஏக்கர் கேட்டன. தலைமுறை தலைமுறையாக இருந்தோமே என்பது, பூர்வகுடியினர் தவிர மற்றவர்களுக்கு, இந்த நாட்டில் ஒரு சட்ட வாதம் ஆகாது. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 341ஆம் பிரிவு நீண்டகால இருப்பினால் நில உரிமை பிறக்காது என்று தெளிவாகச் சொல்கிறது. அரசு நிலத்தில் இருப்பவருக்குக் கிடைக்கக்கூடிய தற்காலிகக் குடியிருப்பு உரிமமும், அதாவது ஊரில் எல்லாரும் டி.ஓ.எல். என்று சொல்வது, ஆண்டு முடிவில் காலாவதியாகும். பெற்றவர் இறந்தால் அதுவும் அவரோடு முடிந்துவிடும், பிள்ளைகளுக்கு இறங்காது.

கேம்பர் வேனைப் பற்றிப் பேச வந்தவன் லயத்தைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இரண்டும் உள்ளே ஒரே அமைப்பு. லயத்தில் கூரையும் மண்ணும் தோட்டத்துக்குச் சொந்தம். வேனில் கூரை நமக்குச் சொந்தம், மண் மட்டும் இன்னொருவருடையது. இது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. லயத்தை விட்டுப் போகிறவர் தட்டுமுட்டுச் சாமானோடு நடுத்தெருவில் நிற்க வேண்டும். வேன்காரர் சாவியைத் திருகிக் கிளம்பிவிடலாம். ஆனால் கிளம்பிப் போகும் இடமும் இன்னொருவருடையதுதான். எழுபது வயதில், மழை பெய்யும் இரவு பதினொரு மணிக்குக் காவலாளி கண்ணாடியைத் தட்டும்போது, வண்டி நம் பெயரில் இருக்கிறது என்பது அவ்வளவு ஆறுதல் தராது.

அளவிலும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். லயத்து அறை சுமார் 120 சதுர அடி. நம் நாட்டில் கேம்பர் வேனாக அதிகம் மாற்றப்படும் டொயோட்டா ஹையேஸ் வகை வேனில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கிடைப்பது அதில் பாதி இருந்தால் அதிகம். அப்படியானால் அந்தச் சிறிய அறையில் ஆறேழு பேர் எப்படி வாழ்ந்தார்கள்? அவர்கள் அறைக்குள் வாழவில்லை. வாசலில் வாழ்ந்தார்கள். குளியல் பொதுத் தொட்டியடியில், துணி வெயிலில், பிள்ளைகள் ஆயக்கொட்டகையில், பேச்சு தாழ்வாரத்தில், முருங்கையும் கத்தரியும் லயத்துக்குப் பின்னால். சிறிய கூரையை வாழத் தக்கதாக்குவது அதைச் சுற்றியுள்ள வெளி. வேன் வாழ்க்கையிலும் அப்படித்தான். மேசையை வெளியே விரிக்க முடிந்தால், கொடி கட்ட முடிந்தால், சாம்பாருக்கு வெளியே தாளிக்க முடிந்தால், ஐம்பது சதுர அடி போதும். பல்பொருள் அங்காடியின் கார் நிறுத்துமிடத்தில், திரைச்சீலையை இழுத்துவிட்டு வெளியே கால் வைக்கத் தயங்கி உட்கார்ந்திருந்தால், அதே ஐம்பது சதுர அடி சிறை.

இதே மாவட்டத்தில் நகர்ந்து வாழ்வதற்கு ஒரு பழைய முன்மாதிரியும் இருக்கிறது. தாப்பா முதல் சுங்காய்வரையுள்ள மலையடிவாரங்களில் வாழும் செமாய் என்னும் ஓராங் அஸ்லி (பூர்வகுடி) மக்கள் மலைநெல் பயிரிட்டு, சில ஆண்டுகளில் நிலத்தை ஓய்வெடுக்க விட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தவர்கள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அவர்கள் நிலையாக ஓரிடத்தில் இல்லாதவர்களாகத் தெரிந்தார்கள். உண்மையில் இந்த ஓடையிலிருந்து அந்தக் குன்றுவரை யாருடைய பாட்டன் நிலம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த எல்லைக்குள்தான் நகர்வு. சிலாங்கூரைச் சேர்ந்த தெமுவான் பூர்வகுடி மக்கள் தொடுத்த சாகோங் தாசி வழக்கில் 2002இல் உயர்நீதிமன்றம் பூர்வகுடியினரின் மரபுவழி நில உரிமையை ஏற்றது. நகர்ந்து வாழ்வது மண்ணை விட்டுவிடுவதாகாது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சான்று தேட வேண்டாம்.

அமெரிக்காவில் இந்த வாழ்க்கை பல லட்சம் பேருக்குப் பழக்கமானது, அதற்கேற்ற ஏற்பாடுகளும் அங்கே வளர்ந்திருக்கின்றன. தெற்கு டகோட்டா போன்ற சில மாநிலங்கள், சாலையிலேயே வாழ்கிறவர் அஞ்சல் வாங்கி அனுப்பும் நிறுவனத்தின் முகவரியை வைத்தே ஓட்டுநர் உரிமமும் வண்டிப் பதிவும் பெற வழி செய்திருக்கின்றன. ஆனால் ஜெசிக்கா புரூடர் 2017இல் எழுதிய ‘நோமட்லேண்ட்’ நூல் காட்டும் முகம் வேறு. 2008 பொருளாதார வீழ்ச்சியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியவர்கள், வேனில் வாழ்ந்துகொண்டு, பண்டிகைக் காலத்தில் அமேசான் கிடங்குகளிலும் கோடையில் முகாம் மைதானங்களிலும் பருவக் கூலிகளாக வேலை செய்தார்கள். வேலை இருக்கும்வரை நிறுத்துமிடம் இலவசம், வேலை முடிந்தால் கிளம்ப வேண்டியிருந்தது. படிக்கும்போது எனக்குத் தோட்டம்தான் கண்முன் வந்தது. 2024 ஜூனில் கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம், பொது இடத்தில் முகாமிட்டுத் தூங்குவதற்கு நகரங்கள் தண்டம் விதிக்கலாம் என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கிராண்ட்ஸ் பாஸ் நகரத்தின் விதிகள் வண்டியில் தூங்குவதையும் தொட்டவை.

பிரிட்டன் இதைச் சட்டத்தால் எதிர்கொண்டது. கேரவன் நமக்குச் சொந்தம், அது நிற்கும் தளம் வாடகை என்ற நிலையில் தள உரிமையாளர் நினைத்தபோது துரத்தலாம் என்று இருந்ததை 1968ஆம் ஆண்டின் கேரவன் தளச் சட்டமும் 1983ஆம் ஆண்டின் நகர்வீட்டுச் சட்டமும் மாற்றின. பாதுகாக்கப்பட்ட தளத்தில் இருப்பவருக்கு எழுத்து ஒப்பந்தம் உண்டு, நீதிமன்ற உத்தரவில்லாமல் வெளியேற்ற முடியாது. அந்தச் சட்டங்களில் வண்டியின் தரத்தைவிட நிற்குமிடத்தின் உறுதிக்கே அதிக இடம். மலேசியாவில் இதற்கு ஈடான பாதுகாப்பு கேரவன்காரருக்கு இல்லை. முகாம் தளங்கள் இருக்கின்றன, இரவுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். விரைவுச்சாலையில் தாப்பா போன்ற ஓய்வுப் பகுதிகளில் கழிவறை, சாப்பாட்டுக் கடை, சுராவ் எல்லாம் உண்டு. அவை களைத்த ஓட்டுநர் கண்ணயரும் இடங்கள், குடித்தனம் நடத்தும் இடங்கள் அல்ல.

முகவரி இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது. அடையாள அட்டையில் முகவரி வேண்டும். 2021 டிசம்பர் முதல் பதினெட்டு வயதில் வாக்காளர் பதிவு தானாக நடக்கிறது, அந்த அட்டையிலுள்ள முகவரியை வைத்தே தொகுதி முடிவாகிறது. சுங்காய் சட்டமன்றத் தொகுதியில், தஞ்சோங் மாலிம் நாடாளுமன்றத் தொகுதியில் வாக்களிப்பது என்பது இந்த மண்ணின் விவகாரத்தில் நமக்கும் பேச்சிருக்கிறது என்பதன் அடையாளம். குடியுரிமைக்காகவும் அடையாள அட்டைக்காகவும் அலைந்த சமூகம் முகவரியைச் சுலபமாக விட்டுவிடக் கூடாது. மகன் வீட்டு முகவரியை வைத்துக்கொள்ளலாம். ஆனால் மகன் வீடு மாறினால் கடிதங்களும் அழைப்பாணைகளும் எங்கே போகும் என்பதை முன்பே பேசி வைக்க வேண்டும்.

வண்டியின் சட்டப் பக்கம் இவ்வளவு சிக்கலில்லை. வேனுக்குள் இருக்கை எடுத்துப் படுக்கை போடுவது, கூரையை உயர்த்துவது எல்லாம் வண்டியின் அமைப்பை மாற்றுவது. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஒப்புதல் இல்லாமல் செய்யக் கூடாது. டி பிரிவு உரிமம் 3,500 கிலோவுக்கு மேற்படாத வண்டிக்குத்தான், அதற்கு மேல் போனால் வேறு பிரிவு. வழக்கமான மோட்டார் காப்புறுதி வண்டிக்கானது, உள்ளே இருக்கும் நம் குடித்தனச் சாமான்களுக்கு அது பொறுப்பேற்காது.

பணத்தில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. ஊழியர் சேமநிதி, கேரவனை வீடாகக் கருதுவதில்லை. வீடு வாங்கவோ கட்டவோ சேமநிதியின் குறிப்பிட்ட கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம், வேன் வாங்க அந்த வழி இல்லை. வங்கியும் அப்படித்தான் பார்க்கிறது. வீட்டுக்கு 35 ஆண்டுவரை கடன் கிடைக்கும், வாகனத் தவணைக்கு 9 ஆண்டு உச்சம். நாள் போகப் போக வண்டியின் மதிப்பு இறங்கும். 55 வயதில் கையில் வரும் சேமநிதியின் பெரும்பகுதியை ஒரே வண்டியில் போடுகிறவர், 70 வயதில் ஒரு பழைய வேனோடும் கொஞ்சம் பணத்தோடும் நிற்பார். அந்த வயதில் மீண்டும் வீடு வாங்கக் கடன் கிடைக்காது. லயத்திலிருந்து ஒரு மாடித் தொடர்வீட்டுக்கு வர ஒரு தலைமுறை பட்ட பாட்டை நினைத்தால், அதை வண்டியாக மாற்றுவதற்கு முன் நிறையத் தடவை யோசிக்க வேண்டும்.

இனி வெயிலுக்கு வருவோம். வேன் வாழ்க்கையைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் குளிர் நாட்டிலிருந்து வருகின்றன, அங்கே கவலை சூடேற்றுவது. பேராக் சமவெளியில் பகல் 33 பாகையைத் தொடும், இரவும் 24ஐ ஒட்டியே இருக்கும். உலோகப் பெட்டி பகல் சூட்டை வாங்கி வைத்து இரவு ஒன்பது மணிவரை உள்ளே விடும்.

ஒரு சிறு குளிர்சாதனம் ஓர் இரவுக்கு நான்கைந்து யூனிட் மின்சாரம் கேட்கும். 12 வோல்ட், 200 ஆம்பியர்மணி லித்தியம் பேட்டரி முழுதாக நிறைந்திருந்தாலும் சுமார் இரண்டரை யூனிட்தான் தரும். கூரையில் 400 வாட் சூரியத் தகடு பொருத்தினால், நம் வானத்தின் மேகத்தையும் இழப்பையும் கழித்து, நாளுக்கு ஒன்றேகால் யூனிட்டை ஒட்டி வரும். அதில் ஒரு சிறு மின்விசிறி இரவு முழுவதும் ஓடலாம், 12 வோல்ட் குளிர்பெட்டி ஒன்று இயங்கலாம், விளக்கும் கைப்பேசியும் நடக்கும். குளிர்சாதனத்தை மறந்துவிட வேண்டும், அல்லது இரவுதோறும் கரண்ட் இணைப்புள்ள இடத்தைத் தேட வேண்டும். அந்த இணைப்பும் ஒரு மண்ணோடுதான் வரும். இன்னொரு முரணும் உண்டு. மரநிழலில் நிறுத்தினால் வண்டி குளிர்ச்சியாக இருக்கும், தகடு பட்டினி கிடக்கும். வெயிலில் நிறுத்தினால் பேட்டரி நிறையும், உள்ளே இருக்க முடியாது. டுரியான் மரத்தடியாக இருந்தால், காய் விழும் பருவத்தில் கூரைத் தகட்டின் கதி சொல்ல வேண்டியதில்லை. இந்த நெருக்கடியில் சிலர் இஞ்சினை ஓடவிட்டுக் குளிர்சாதனத்தோடு தூங்குகிறார்கள். கார்பன் மோனாக்சைடு வாசனையற்றது. நிறுத்திய காரில் இப்படித் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போன செய்திகள் நம் நாட்டிலேயே வந்திருக்கின்றன. அதைச் செய்யவே கூடாது.

மின்சாரக் கணக்கு வசதியைப் பற்றியது மட்டும் அல்ல. 2019 தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. ஓய்வு வயதுத் தம்பதி என்றால் இருவரில் ஒருவருக்காவது இருக்க வாய்ப்பு அதிகம். பயன்படுத்தாத இன்சுலினை 2 முதல் 8 பாகைக்குள் வைத்திருக்க வேண்டும். மூன்று நாள் தொடர்மழையில் தகடு சோர்ந்து, பேட்டரி இறங்கி, குளிர்பெட்டி நின்றால், கெடுவது மீனும் தயிரும் மட்டுமல்ல. மருந்துச் சீட்டு அரசு மருந்தகத்தில் இருக்கும், அடுத்த பரிசோதனை நாளும் அங்கேதான் குறித்திருக்கும். கோத்தா பாருவில் சுற்றிக்கொண்டிருப்பவர் சிலிம் ரிவர் மருத்துவமனைக்குக் குறித்த நாளில் திரும்பியாக வேண்டும். ஆக, நாள்பட்ட நோயுள்ளவருக்கு முழுநேர அலைதல் என்பது ஒரு மருந்தகத்தைச் சுற்றி வரும் அலைதலாகத்தான் இருக்க முடியும். அது தவறல்ல. அப்படித் திட்டமிட்டால் நன்றாகவே நடக்கும்.

தண்ணீரையும் கழிவையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இந்த நாட்டில் ஒருவர் வீட்டில் செலவழிக்கும் தண்ணீர் நாளுக்கு 200 லிட்டருக்கு மேல். வேனில் இருவருக்கும் சேர்த்து 100 லிட்டர் தொட்டி இருந்தால் பெரிது, அதுவே நூறு கிலோ எடை. காலையும் மாலையும் குளிக்கும் பழக்கமுள்ள நமக்கு, சிக்கனமாகப் பிடித்தாலும் இரண்டு நாள் வரும். பெட்டிக் கழிவறை இரண்டு மூன்று நாளில் நிறையும். அதைக் கொட்டுவதற்கென்று அமைத்த இடங்கள் இங்கே அரிது. அதைச் சுங்காய் ஆற்றோரத்திலோ செம்பனைக் கால்வாயிலோ கொட்டுவது அந்தத் தண்ணீரைப் புழங்கும் மக்களுக்குச் செய்யும் அநீதி. யாரும் பார்க்கவில்லை என்பதால் அது சிறிதாகிவிடாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, வேண்டவே வேண்டாம் என்பதா என் முடிவு? இல்லை. ஒரு வகையினருக்கு இந்த வாழ்க்கை பொருந்தும் என்று உறுதியாக நம்புகிறேன். துண்டாடலில் சிதறிய நிலங்களில் சில துண்டுகள் நம்மவர் கைக்கும் வந்தன. இரண்டு மூன்று ஏக்கர் பழத்தோட்டமோ செம்பனையோ வைத்திருக்கும் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. விவசாய வகை நிலத்திலும் உடைமையாளர் குடியிருக்க ஒரு வீடு வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அங்கே ஒரு கிணறு, மின்மீட்டர், கழிவுத் தொட்டியோடு ஒரு குளியலறை, வண்டி நிற்கக் கூரையிட்ட ஒரு மேடை. அதிகச் செலவில்லாத இந்த ஏற்பாட்டை முதலில் செய்துவிட்டு, ஆண்டில் ஏழெட்டு மாதம் வேனில் போய்வருகிறவர் எந்தக் காவலாளிக்கும் பயப்பட வேண்டாம். பெரிய தாமான் வீட்டை விற்கலாம், ஆனால் விற்ற பணத்தில் முதல் பங்கு வண்டிக்குப் போகக் கூடாது, நிற்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

நிலமில்லாதவர்களுக்கு, வாடகை கட்ட முடியாமல் வேனை யோசிக்கும் இளையவர்களுக்கு, என் பதில் கடுமையானது: இதை வீட்டுக்கு மாற்றாக எடுக்காதீர்கள். உங்கள் தாத்தா எந்த நிலையிலிருந்து வெளியே வரப் பாடுபட்டாரோ அதற்குள் தவணை கட்டிக்கொண்டு நுழைவதாகும். உங்களுக்கு வேண்டியது வாங்கக்கூடிய விலையில் வீடு, அதைக் கேட்பதற்கான அமைப்பு. சுங்கை சிப்புட்டில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டாக்டர் ஜெயகுமார் தேவராஜும் அவரோடு நின்றவர்களும் தோட்ட மக்களுக்கு வீடு வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. நடுவே இன்னொரு வழியும் சாத்தியம். பேராக்கில் நிலம் வைத்திருக்கும் கூட்டுறவுச் சங்கங்கள் ஓர் ஏக்கரை ஒதுக்கி, நிலத்தின் வகையை முறைப்படி மாற்றி, இருபது வண்டி நிற்கும் தளமாக்கலாம். ஐந்தாண்டு எழுத்து ஒப்பந்தம், மூன்று மாத முன்னறிவிப்பு, ஒரு முகவரி, ஒரு கழிவு இணைப்பு, ஒரு தண்ணீர்க் குழாய். அப்படியொன்று வந்தால் நான் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்.

கடைசியாக ஒன்று, பெண்களைப் பற்றி. இந்த ஆசை பல வீடுகளில் ஆண்களுடையதாக இருக்கிறது. ஓட்டுவது கணவர், சமைப்பதும் துவைத்ததைக் காயவைப்பதும் கழிவறைப் பெட்டியை நினைத்துக் கவலைப்படுவதும் மனைவி. சாமி படத்தை எங்கே வைப்பது, தூரத்து உறவில் சாவு விழுந்தால் சேலை மாற்றிக் கிளம்ப இடமிருக்குமா, பேரப்பிள்ளைகள் வந்தால் எங்கே படுப்பது, பக்கத்து வீட்டு அக்காவோடு சாயங்காலம் பேசும் பேச்சுக்குப் பதில் என்ன? இவை சில்லறைக் கேள்விகள் அல்ல. நாற்பது ஆண்டு ஒரே அடுப்பங்கரையை ஆண்டவரின் சம்மதம் தலையாட்டலாக இருந்தால் போதாது.

ஆகவே வீட்டை விற்குமுன் ஒரு வேனை வாடகைக்கு எடுங்கள். பள்ளி விடுமுறையின் வெயில் நாட்களில் வேண்டாம், இந்தப் பக்கத்தில் மழை வலுக்கும் அக்டோபர் கடைசியில் தொடங்கி ஒரு மாதம். மாத்திரைகளும் மருந்தகத் தேதியும் வழக்கம் போலத் தொடரட்டும். ஒவ்வோர் இரவும் எங்கே நின்றோம், யாரிடம் அனுமதி கேட்டோம், என்ன கொடுத்தோம், நடுவில் எழுப்பினார்களா என்பதைக் கணவர் ஒரு நோட்டிலும் மனைவி இன்னொரு நோட்டிலும் எழுதட்டும். மாத முடிவில் இரண்டு நோட்டையும் மாற்றிப் படித்துவிட்டுப் பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பேசுங்கள். வீட்டுத் தரகரை அதற்கு முன் கூப்பிட வேண்டாம்.